ஸ்கூல் டாக்ஸ் பணம் எங்க போய் உக்காருது, சாவி யாரு கைல இருக்கு?

முதல்ல உங்க கேள்விய ஒரு தடவ நானே திருப்பிச் சொல்லிக்கிறேன், ஏன்னா உங்க போஸ்டுக்கு இதுக்கு முன்னாடி மத்தவங்க போட்ட பாதி பதில் வேற யாரோ கேட்ட கேள்விக்கு வந்த மாதிரி இருக்கு. நீங்க நியூயார்க் ஸ்டேட்ல இருக்கற லாங் ஐலண்டுக்கு வீடு வாங்கி வந்து ரெண்டு வருஷம் ஆகுது, டாக்ஸ் பில்லுல பாதிக்கு மேல ஸ்கூலுக்குப் போகுது, மே மாசம் பட்ஜெட் ஓட்டு வருது, அதுக்கு முன்னாடி வாட்ஸ்அப் க்ரூப்ல ஒருத்தர் "ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோட பேங்க் கணக்குல 30 மில்லியன் டாலர் தூங்குது, அப்புறம் எதுக்கு டாக்ஸ ஏத்துறான்"னு போட்டாரு, இன்னொருத்தர் ராஸ்லின்ங்கற ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல நடந்த திருட்டுக் கதைய எடுத்து விட்டாரு. நீங்க கேக்கறது, அந்தப் பணம் பத்திரமா இருக்கா, ஷேர்ல கீர்ல போட்டு விட்ருவாங்களா, பேங்க் மூழ்கினா என்ன ஆகும், கடைசியா உங்க வீட்டுக்காரர ரோபோட்டிக்ஸ் டீமுக்கு ட்ரெஷரரா இருக்கச் சொல்றாங்களே ஒத்துக்கலாமான்னு. மேலோட்டமா பாத்தா சட்டக் கேள்வி. உள்ள இருக்கறது "இவங்கள நம்பலாமா"ங்கற கேள்வி, அதுக்குத்தான் பதில் சொல்லப் பாக்கறேன்.

நான் வக்கீல் இல்ல, அக்கவுண்டன்ட். நியூயார்க்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பிசினஸ் ஆபீஸ்ல ஏழு வருஷம், அப்புறம் டிஸ்ட்ரிக்டுகளுக்கு இன்டர்னல் ஆடிட் பண்ற வேலைல பதிமூணு வருஷம். அதனால இங்க சொல்றதெல்லாம் நியூயார்க் ஸ்டேட்டுக்கு மட்டும்தான், நியூ ஜெர்சில இருக்கற மச்சான் கிட்ட இத வெச்சு சண்டைக்குப் போகாதீங்க, அங்க சட்டம் வேற.

நம்ம ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம் புரியவே கொஞ்ச நாள் ஆகும். அங்க பள்ளிக்கூடம்னா சம்பளம் ட்ரெஷரிலேர்ந்து வரும், மேல சி.ஈ.ஓ., டைரக்டர்னு அரசாங்க ஆபீசருங்க இருப்பாங்க, ஊர்க்காரங்களுக்கு அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. இங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே தனியா ஒரு குட்டி அரசாங்கம். ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு போர்டைத் தேர்ந்தெடுக்கறாங்க, போர்டு மெம்பருக்கு சம்பளம் கிடையாது, அந்த போர்டு வரி எவ்ளோன்னு முடிவு பண்ணுது, பட்ஜெட்டுக்கு வருஷா வருஷம் மே மாசம் மூணாவது செவ்வாக்கிழமை ஊரே ஓட்டுப் போடுது. பகல்ல பல் டாக்டராவோ ரியல் எஸ்டேட் ஏஜென்டாவோ இருக்கறவங்க ராத்திரி எட்டு மணிக்கு ஹைஸ்கூல் லைப்ரரில உக்காந்து 100 மில்லியன் டாலர் பட்ஜெட்டுக்கு கை தூக்கறாங்க. இத மனசுல வெச்சுக்கிட்டா பின்னாடி வர்ற சட்டமெல்லாம் ஏன் அப்படி இருக்குன்னு தன்னால புரியும்.

சரி, 30 மில்லியன். க்ரூப்ல போட்டவர்கிட்ட நான் கேக்கற முதல் கேள்வி, அது எந்தத் தேதி பேலன்ஸ், எந்த ஃபண்டு? டிஸ்ட்ரிக்டுக்கு நிதி வருஷம் ஜூலை 1ல ஆரம்பிக்கும். ஆனா லாங் ஐலண்ட்ல இருக்கற நாசோ கவுன்ட்டில ஸ்கூல் டாக்ஸ் முதல் பாதி அக்டோபர் 1 தேதிக்கு, அபராதம் இல்லாம நவம்பர் 10 வரைக்கும் கட்டலாம், ரெண்டாவது பாதி ஏப்ரல் 1, மே 10 வரைக்கும். அதாவது செப்டம்பர்ல ஸ்கூல் திறந்து டீச்சர் சம்பளம் ஓடற நேரத்துல வரிப் பணம் இன்னும் உங்க பாக்கெட்ல இருக்கு. பக்கத்து கவுன்ட்டியான சஃபோக்ல இன்னும் மோசம், அங்க முதல் பாதிக்கு ஜனவரி 10 வரைக்கும் டைம். இந்த இடைவெளிய சமாளிக்க நிறைய டிஸ்ட்ரிக்ட் வரி வரும்ங்கற நம்பிக்கைல குறுகிய காலக் கடன் வாங்கும், டான்னு சொல்வாங்க, டாக்ஸ் ஆன்டிசிபேஷன் நோட். அதனால நவம்பர் கடைசில ஸ்டேட்மென்ட் எடுத்தா குபேரன் மாதிரி தெரியும், அதே டிஸ்ட்ரிக்ட அக்டோபர் ஆரம்பத்துல பாத்தா பாவமா இருக்கும். இது போக கூரை மாத்தறதுக்கு பாண்ட் வித்து வாங்கின பணம் அதே பேங்க்ல உக்காந்திருக்கலாம், அது கேப்பிட்டல் ஃபண்டு, அதுலேர்ந்து சம்பளம் குடுக்க முடியாது, வரியக் குறைக்கவும் எடுக்க முடியாது. கேன்டீன் பணம் வேற கணக்கு, ஃபெடரல் கிராண்ட் வேற கணக்கு. ஒரே உண்டியல்ல கைய விட்டு எடுக்கற கதை இல்ல.

வருஷக் கடைசில, அதாவது ஜூன் 30ல, எந்தக் காரணமும் ஒட்டாம மிச்சம் நிக்கற பணத்துக்கு மட்டும் சட்டம் ஒரு உச்ச வரம்பு வெச்சிருக்கு: அடுத்த வருஷ பட்ஜெட்டுல 4 சதவீதம். 120 மில்லியன் பட்ஜெட்னா 4.8 மில்லியன். அதுக்கு மேல இருந்தா வரியக் குறைக்கப் பயன்படுத்தணும். இது அப்படியே சட்டம், ரெண்டு கருத்துக்கு இடமில்ல. சண்டை வர்ற இடம் இதுக்குப் பக்கத்துல இருக்கு, ரிசர்வுன்னு பேரு. பென்ஷன் கட்டறதுக்கு ஒரு ரிசர்வ், ரிட்டயர் ஆகறவங்க சேத்து வெச்ச லீவுக்குப் பணம் குடுக்க ஒரு ரிசர்வ், கட்டட வேலைக்கு ஒரு ரிசர்வ், இப்படி சட்டம் அனுமதிக்கற பேருல ஒதுக்கி வெச்சா அது 4 சதவீதக் கணக்குல வராது. கட்டட ரிசர்வுக்கு ஊர் ஓட்டு வேணும், ஆரம்பிக்கவும் சரி, எடுக்கவும் சரி. மத்த பலதுல போர்டு தீர்மானம் போதும். அதனால வருஷத்துக்கு மூணு லட்சம் செலவாகற விஷயத்துக்கு மூணு மில்லியன் ரிசர்வ் கட்டி வெச்சிருக்கற டிஸ்ட்ரிக்டும் உண்டு, ஸ்டேட்டோட கணக்குகள தணிக்கை பண்ற ஸ்டேட் கம்ப்ட்ரோலர் ஆடிட் ரிப்போர்ட்டுல திரும்பத் திரும்ப வர்ற குத்தமே இதுதான். இது திருட்டு இல்ல. ஆனா "எவ்ளோ ரிசர்வ் நியாயம்"ங்கறதுக்கு எங்கயும் ஒரு நம்பர் எழுதி வெக்கல, அது போர்டு மனசு. என் அபிப்ராயம் கேட்டா, கொஞ்சம் பயந்தாங்கொள்ளியா இருக்கற பிசினஸ் ஆபீசரத்தான் நான் விரும்புவேன், ஏன்னா 2011லேர்ந்து டாக்ஸ் கேப், அதாவது வரிய வருஷத்துக்கு எவ்ளோ ஏத்தலாம்ங்கறதுக்கு ஒரு வரம்பு, வந்துருச்சு, அந்த கேப்புக்கு மேல ஏத்தணும்னா 60 சதவீதம் ஓட்டு வேணும், ஒரு கெட்ட வருஷம் வந்தா தாண்டறதுக்கு வேற வழியில்ல. ஆனா அத பட்ஜெட் மீட்டிங்ல வெளிப்படையா சொல்லணும், பக்கம் 140ல ஃபுட்நோட்டுல ஒளிச்சு வெக்கக் கூடாது.

ஷேர் மார்க்கெட் கேள்விக்கு ஒரே வார்த்தை, முடியாது. நியூயார்க்ல டிஸ்ட்ரிக்ட் சும்மா இருக்கற பணத்த எதுல போடலாம்னு சட்டம் பட்டியல் போட்டிருக்கு, அந்தப் பட்டியல் ரொம்ப போர் அடிக்கும், அதுதான் அதோட அழகே: பேங்க் டெபாசிட், சி.டி. (நம்ம ஊர் ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி), அமெரிக்க அரசாங்கத்தோட ட்ரெஷரி பாண்ட், ஃபெடரல் கேரண்டி இருக்கற பாண்ட், நியூயார்க் ஸ்டேட் பாண்ட், அப்புறம் நைக்ளாஸ் மாதிரி பல ஊர் சேந்து போடற பூல். கம்பெனி ஷேர் கிடையாது, கம்பெனி பாண்டும் கிடையாது. போர்டு எழுத்துல ஒரு இன்வெஸ்ட்மென்ட் பாலிசி வெச்சு வருஷா வருஷம் அதப் பாத்து திருப்பி ஓகே பண்ணணும். பலர் டீச்சர் பென்ஷன் ஃபண்டப் பாத்துட்டுக் குழம்பிக்கறாங்க, அது ஷேர்ல போடும், போடத்தான் செய்யும், அது ஸ்டேட் அளவுல இருக்கற தனிப் பானை, உங்க டிஸ்ட்ரிக்ட் பானை இல்ல.

இந்தக் கட்டுப்பெட்டித்தனம் எங்கேர்ந்து வருதுன்னா, மத்த ஸ்டேட்ல பட்ட சூட்டப் பாத்தா போதும். 1994 டிசம்பர்ல கலிஃபோர்னியா ஆரஞ்ச் கவுன்ட்டி திவால் ஆச்சு, கவுன்ட்டி ட்ரெஷரர் கடன் வாங்கி வட்டிவிகிதத்து மேல சூதாடினதுல 1.6 பில்லியனுக்கு மேல போச்சு, ஸ்கூல்களோட பணமும் அந்தப் பூல்லதான் இருந்துது. 2007 நவம்பர்ல ஃப்ளோரிடா ஸ்டேட் நடத்தின பூல்ல மோசமான கடன் பத்திரம் இருக்குன்னு செய்தி கசிஞ்சதும் எல்லாரும் பணத்த எடுக்க ஓடினாங்க, ஸ்டேட் கதவ மூடிருச்சு, சம்பள நாளுக்குப் பணம் இல்லாம ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுங்க தவிச்சுது. எனக்கு ரொம்ப வலிக்கற கதை விஸ்கான்சின், 2006. அஞ்சு டிஸ்ட்ரிக்ட், ரிட்டயர் ஆன டீச்சருங்களோட மெடிக்கல் செலவுக்கு சேக்கணும், கைல இருந்தது 37.3 மில்லியன், அதோட 162.7 மில்லியன் கடன் வாங்கி ஆக மொத்தம் 200 மில்லியன சிடிஓன்னு ஒரு சிக்கலான சரக்குல போட்டாங்க. வித்தவங்க இது பத்திரம்னு சொன்னாங்க, போர்டு மெம்பருங்க நம்பினாங்க, மொத்தமும் போச்சு. 2011ல பங்குச் சந்தையக் கண்காணிக்கற எஸ்.ஈ.சி. வித்தவங்க மேல நடவடிக்கை எடுத்துது. அந்த போர்டுல இருந்தவங்க யாரும் ஒரு டாலர் கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல, நல்ல மனுஷங்கதான், புரியாத ஒண்ணுக்குக் கை தூக்கினாங்க, அவ்ளோதான்.

பேங்க் மூழ்கினா? 2023 மார்ச்ல நியூயார்க்லயே சிக்னேச்சர் பேங்க் மூழ்கினப்போ இந்தக் கேள்வி எங்கிட்ட நாலு டிஸ்ட்ரிக்ட்லேர்ந்து வந்துது. பேங்க் டெபாசிட்டுக்கான ஃபெடரல் இன்ஷூரன்ஸ், எஃப்.டி.ஐ.சி.ன்னு பேரு, டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு பேங்க்ல செக்கிங் கணக்குக்கு 250,000, சேவிங்ஸ், டெபாசிட் எல்லாம் சேத்து இன்னொரு 250,000. 20 மில்லியன் வெச்சிருக்கறவனுக்கு இது யானைப் பசிக்கு சோளப்பொரி. அதனால இன்ஷூரன்ஸுக்கு மேல இருக்கற ஒவ்வொரு டாலருக்கும் பேங்க் அடமானம் வெக்கணும்னு சட்டம். பேங்க் தன்கிட்ட இருக்கற ட்ரெஷரி பாண்ட் மாதிரி சரக்க மூணாவது ஒரு கஸ்டோடியன் கிட்ட டிஸ்ட்ரிக்ட் பேருக்கு ஒதுக்கி வெக்கும், அதுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும், மாசா மாசம் அடமானத்தோட மார்க்கெட் மதிப்பு என்னன்னு லெட்டர் வரும். நம்ம ஊர் நகைக் கடன் தெரியும்ல, இங்க தலைகீழ், பேங்க் நமக்கு நகைய வெக்குது. இதுல நான் பாத்த ஓட்டை எல்லாம் சின்னது, வரிப் பணம் மொத்தமா வந்து விழற நவம்பர் வாரத்துல ரெண்டு மூணு நாள் அடமானம் பத்தாம இருக்கும், பேங்க்ல ஆள் தூங்கிட்டிருப்பான். ஃபோன் பண்ணி எழுப்பணும்.

ஆக பேங்க், முதலீடு இது ரெண்டும் பெரும்பாலும் அடைபட்ட வாசல். திருட்டு வந்த வாசல் வேற, ராஸ்லின் கதை அதான். நாசோ கவுன்ட்டில நல்ல பேர் எடுத்த டிஸ்ட்ரிக்ட், பசங்க பெரிய பெரிய காலேஜுக்குப் போவாங்க, வீட்டு விலை ஏறிட்டே இருந்துது, டிஸ்ட்ரிக்டோட தலைமை அதிகாரி, அதாவது சூப்பரின்டென்டென்ட், ஃப்ராங்க் டாசோன்ன ஊரே தலைல வெச்சுக் கொண்டாடிச்சு. 2002ல அவருக்குக் கீழ பிசினஸ் பாத்துட்டிருந்த அசிஸ்டென்ட் சூப்பரின்டென்டென்ட் சுமார் இரண்டரை லட்சம் டாலர் அடிச்சுட்டாங்கன்னு தெரிய வந்துது. போர்டு என்ன பண்ணிச்சு தெரியுமா, பணத்தத் திருப்பிக் குடுன்னு சொல்லி சத்தமில்லாம வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. போலீஸுக்குப் போகல, பேரு கெட்டுடும்னு. 2004ல எல்லாம் வெளிய வந்தப்போதான் தெரிஞ்சுது சூப்பரின்டென்டென்டும் கூட்டுன்னு. 2005 மார்ச்ல ஸ்டேட் கம்ப்ட்ரோலர் ஆடிட்ல வந்த கணக்கு 11.2 மில்லியன் டாலர். டாசோனுக்கு 4லேர்ந்து 12 வருஷம் தண்டனை. இதுல ஒரு கூத்து, அந்த ரிப்போர்ட்ட வெளியிட்ட கம்ப்ட்ரோலர் ஆலன் ஹெவெசி, தன் பொண்டாட்டிக்கு அரசாங்க டிரைவர ஓட்ட விட்ட கேஸ்ல 2006ல பதவிய விட்டாரு, பின்னாடி பென்ஷன் ஃபண்டு லஞ்சக் கேஸ்ல ஜெயிலுக்கே போனாரு. அதுக்காக அவர் ஆபீஸ் போட்ட கணக்கு தப்பாயிடாது.

ராஸ்லின்ல சட்டம் இல்லாம இல்ல. சட்டம் இருந்துது, ஆனா சரி பாக்க வேண்டியவங்க மேல இருந்தவங்கள நம்பி விட்டுட்டாங்க. அதனால 2005ல ஸ்டேட் கொண்டு வந்த சட்டம் பணத்த விட்டுட்டு கைகளக் கவனிச்சுது. போர்டு மெம்பர் ஆனவங்க முதல் வருஷத்துலயே 6 மணி நேரம் நிதிப் பயிற்சி எடுக்கணும். ஆடிட் கமிட்டி கட்டாயம், ஊர்க்காரங்களும் அதுல உக்காரலாம். சின்ன டிஸ்ட்ரிக்ட் தவிர எல்லாருக்கும் இன்டர்னல் ஆடிட் கட்டாயம், என் பொழப்பே அதனால வந்ததுதான், ஆக எனக்கு இதுல சுயநலம் இருக்குன்னும் வெச்சுக்கோங்க. வெளி ஆடிட்டர அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே ஒப்பந்தத்துல ஓட்டக் கூடாது, திருப்பி டெண்டர் மாதிரி கேக்கணும், ஆனா அதே கம்பெனிய மறுபடி எடுக்கத் தடை இல்ல, இது எனக்குப் பிடிக்காத ஓட்டை. ஸ்டேட்ல இருக்கற எல்லா டிஸ்ட்ரிக்டையும் 2010 மார்ச்சுக்குள்ள கம்ப்ட்ரோலர் ஒரு தடவ ஆடிட் பண்ணணும்னும் போட்டாங்க, பண்ணி முடிச்சாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச ஆள் க்ளெய்ம்ஸ் ஆடிட்டர். டிஸ்ட்ரிக்ட் கிட்டத்தட்ட எந்த பில்லுக்கும் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த பில்ல ஒருத்தர் பாத்து ஓகே பண்ணணும், அவர் சூப்பரின்டென்டென்டா இருக்கக் கூடாது, ட்ரெஷரரா இருக்கக் கூடாது, டிஸ்ட்ரிக்டுக்கு சாமான் வாங்கற ஆளா இருக்கக் கூடாது, பிசினஸ் ஆபீஸ்ல கணக்கு எழுதறவரா இருக்கக் கூடாது, ரிப்போர்ட் பண்றது நேரா போர்டுக்கு. நான் பாத்த ஒரு டிஸ்ட்ரிக்ட்ல ரிட்டயர் ஆன ஒரு பாட்டியம்மா, வாரத்துக்கு ரெண்டு காலைல வருவாங்க, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல ஜன்னல் இல்லாத ரூம், முன்னாடி ஒரு அடி உயரத்துக்கு பில் கட்டு. ஒவ்வொண்ணுலயும் பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், சரக்கு வந்துச்சுன்னு வாங்கினவர் கையெழுத்துப் போட்ட சீட்டு, மூணும் பொருந்துதான்னு விரல வெச்சுப் பாப்பாங்க. ஒரு தடவ ஹார்ட்வேர் கடை பில்லுல 44 டாலர் 90 சென்ட் சாமானுக்கு 3 டாலர் 87 சென்ட் சேல்ஸ் டாக்ஸ் போட்டிருந்துது, டிஸ்ட்ரிக்டுக்கு சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, செவப்புப் பேனாவால அடிச்சுத் திருப்பி அனுப்பினாங்க. அந்த 3 டாலர் 87 சென்ட்டுக்கு அவங்களுக்குக் குடுத்த மணிக்கூலி அதிகம். ஆனா அந்த பில்டிங்ல இருந்த எல்லாருக்கும் தெரியும், இந்தம்மா பாக்கும்னு. அவங்க பிடிச்சதுலயே முக்கியமானது என்னன்னா இன்வாய்ஸ் தேதி செப்டம்பர் 9, பர்சேஸ் ஆர்டர் தேதி செப்டம்பர் 23. அதாவது முதல்ல வாங்கிட்டு அப்புறம் அனுமதி எழுதறது. தொண்ணூறு பர்சன்ட் நேரம் அது சோம்பேறித்தனம். மிச்ச பத்து பர்சன்டுக்குத்தான் நம்மள வேலைக்கு வெச்சிருக்காங்க. (இந்த தொண்ணூறு பத்து என் கைக்கணக்கு, எங்கயும் கோட் பண்ணிடாதீங்க.)

அதே மாதிரி ட்ரெஷரர் தனி ஆள், செக்குல கையெழுத்து அவரோடது. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல கையெழுத்து அச்சாகும், அந்தப் பாஸ்வேர்டு செக் அடிக்கற க்ளார்க் கிட்டயே இருந்தா ட்ரெஷரர் இருந்தும் இல்லாத மாதிரி, இத நான் ஒண்ணு ரெண்டு இடத்துல இல்ல, நிறையப் பாத்திருக்கேன். பேங்க் ஸ்டேட்மென்ட்ட சரி பாக்கறவர் செக் அடிச்சவரா இருக்கக் கூடாது. அவ்ளோதான் தத்துவம். ஆர்டர் போடறது, சரக்கு வாங்கறது, பில்ல ஓகே பண்றது, பணம் குடுக்கறது, கணக்கப் பொருத்திப் பாக்கறது, இதுல ஒருத்தர் கைல ரெண்டு சேந்துச்சுன்னா எனக்குக் காது விடைச்சுக்கும்.

இப்ப இருக்கற பயம் பழைய மாதிரி உள்ளாள் இல்ல, ஈமெயில். 2023ல கனெக்டிகட் நியூ ஹேவன் ஸ்கூல் சிஸ்டத்துல பெரிய ஆபீசரோட மெயிலுக்குள்ள புகுந்து, பஸ் கம்பெனிக்குப் போக வேண்டிய பணத்த திருப்பி விட்டு சுமார் 6 மில்லியன் டாலர் அடிச்சுட்டாங்க, ஒரு பகுதிதான் திரும்பக் கெடச்சுது. நான் வேலை பாத்த ஒரு இடத்துல கூரை கான்ட்ராக்டர் பேருல "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு லெட்டர்ஹெட் எல்லாம் போட்டு அழகா ஒரு மெயில், அடுத்த வாரம் போக வேண்டிய பேமென்ட் நாலு லட்சம் டாலர் கிட்ட. பில் பாக்கற பொண்ணு மெயில்ல இருந்த நம்பருக்குக் கூப்பிடாம பழைய ஃபைல்ல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டுச்சு, கான்ட்ராக்டர் "நான் எதுவும் மாத்தலியே"ன்னாரு. சட்டத்துல ஆன்லைன் ட்ரான்ஸ்ஃபருக்கு பேங்கோட எழுத்துல ஒப்பந்தம் வேணும்னு இருக்கு, ஆனா அந்த பொண்ணு போட்ட ஃபோன எந்த சட்டமும் எழுதல. அங்கெல்லாம் சட்டம் கொஞ்சம் பின்னாடிதான் வருது.

இன்னும் ரெண்டு விஷயம் வேகமா சொல்லிடறேன். நியூயார்க் அரசியலமைப்புலயே எட்டாவது ஆர்ட்டிகிள்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தனியாருக்குப் பணத்த தானமா குடுக்கக் கூடாதுன்னு இருக்கு, எவ்ளோ நல்ல காரியமா இருந்தாலும். அதனால தான் டீச்சர் வீட்டுல துக்கம்னா டிஸ்ட்ரிக்ட் செக்குல பணம் போகாது, கைக்காசு போட்டு சேத்துக் குடுப்பாங்க. அதே தத்துவத்துல, பட்ஜெட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் அனுப்பற பேப்பர்ல தகவல் சொல்லலாம், "யெஸ்னு ஓட்டுப் போடுங்க"ன்னு சொல்லக் கூடாது, 1986லயே ஸ்டேட்டோட உச்ச கோர்ட் சொல்லிடுச்சு. உங்க வீட்டுக்கு வர்ற ஃப்ளையர்ல அப்படி இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க. ரெண்டாவது, சாமான் வாங்கறது 20,000 டாலர், கட்டட வேலை 35,000 டாலர் தாண்டினா வெளிப்படையா டெண்டர் விடணும், 19,500 19,500ன்னு ரெண்டா வெட்டி வாங்கறது ஏமாத்து வேலை, பன்னிரண்டு மாசத்துக் கணக்க சேத்துத்தான் பாப்பாங்க. ஆனா வக்கீல், ஆர்க்கிடெக்ட் மாதிரி ஆளுங்களுக்கு இந்த டெண்டர் கட்டாயம் இல்ல, டிஸ்ட்ரிக்ட் பாலிசி எப்படியோ அப்படி, பெரிய தொகை அந்த வழியாப் போகும், நீங்க கண்ண வெக்க வேண்டிய இடம் பென்சில் பேப்பர் இல்ல, அது.

உங்க டிஸ்ட்ரிக்ட் எப்படின்னு நான் இங்கேர்ந்து சொல்ல முடியாது, சொன்னா பொய். ஆனா நீங்க ஒரு சனிக்கிழமை மதியம் உக்காந்தா பாத்துடலாம். ஸ்டேட் கம்ப்ட்ரோலர் வெப்சைட்ல டிஸ்ட்ரிக்ட் பேரப் போட்டா அவங்க மேல வந்த ஆடிட் ரிப்போர்ட் வரும், படிக்க எளிமையாத்தான் எழுதுவாங்க, கடைசில டிஸ்ட்ரிக்ட் குடுத்த பதிலும் இருக்கும், அந்தப் பதிலோட தொனியப் பாருங்க, நிறைய சொல்லும். வருஷாந்திர வெளி ஆடிட் அக்டோபர் 15க்குள்ள ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மென்டுக்குப் போகணும், அதோட கூட ஆடிட்டர் தான் பாத்த குறைகள எழுதற மேனேஜ்மென்ட் லெட்டர்னு ஒண்ணு வரும், உருப்படியான விஷயமெல்லாம் அதுலதான். குத்தம் சொல்லியிருந்தா 90 நாளைக்குள்ள என்ன சரி பண்றோம்னு டிஸ்ட்ரிக்ட் எழுதித் தரணும். ஒரே குத்தம் மூணு வருஷமா திரும்பத் திரும்ப வந்தா அங்க யாரும் படிக்கறதில்லன்னு அர்த்தம். ஒண்ணும் கிடைக்கலன்னா ஃபாயில்னு தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, ஈமெயில் அனுப்புங்க, அஞ்சு வேலை நாளைக்குள்ள பதிலாவது போடணும், காப்பி எடுத்தா பக்கத்துக்கு 25 சென்ட்டுக்கு மேல கேக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு தெளிவா வெச்சுக்கோங்க, வெளி ஆடிட்டர் "க்ளீன்"னு எழுதினா கணக்கு நியாயமா எழுதியிருக்குன்னு அர்த்தம், திருட்டே இல்லன்னு அர்த்தம் இல்ல. ராஸ்லினுக்கும் வெளி ஆடிட்டர் இருந்தாரு. வாட்ஸ்அப்காரருக்கு பதில் போடறதா இருந்தா ஜூன் 30 ஆடிட்ல "அன்அசைன்ட் ஃபண்ட் பேலன்ஸ்"ங்கற வரியப் போட்டோ எடுத்துப் போடுங்க, 4 சதவீதத்துக்குக் கீழ இருக்கா மேல இருக்கான்னு பாத்தா விவாதம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும், அப்புறம் ரிசர்வப் பத்தி சண்டை போடலாம், அது நியாயமான சண்டை.

உங்க வீட்டுக்காரர் விஷயம். முதல்ல அந்த டீம் பணம் எந்த வகைன்னு கேக்கச் சொல்லுங்க. ஸ்கூலுக்குள்ள நடக்கற க்ளப்னா அந்தப் பணம் பசங்களோடது, அதுக்கு ஸ்டேட் விதி தனியா இருக்கு, ட்ரெஷரர் ஒரு ஸ்டூடண்டா இருக்கணும், கூட ஒரு டீச்சர் அட்வைசர், செக் எழுதறது ஸ்கூலோட சென்ட்ரல் ட்ரெஷரர். அதுல ஒரு அப்பா ட்ரெஷரரா இருக்க இடமே இல்ல, யாராவது கேட்டா அவங்களுக்கே விதி தெரியலன்னு அர்த்தம். பூஸ்டர் க்ளப்னா அது பெற்றோர் நடத்தற தனி அமைப்பு, டிஸ்ட்ரிக்டோட டாக்ஸ் நம்பரப் பயன்படுத்தக் கூடாது, தனியா ஈ.ஐ.என்.ங்கற டாக்ஸ் நம்பர் எடுத்து தனி அக்கவுண்ட் தொறக்கணும், அவரோட சொந்த அக்கவுண்ட், வென்மோ, ஸெல் மாதிரி பணம் அனுப்பற ஆப் எதுலயும் ஒரு டாலர் கூட வரக் கூடாது, "அப்புறம் மாத்திக்கலாம்"னு சொன்னா கூட. செக்குக்கு ரெண்டு கையெழுத்து, மாசா மாசம் பேங்க் ஸ்டேட்மென்ட் நேரா இன்னொரு பெற்றோர் மெயிலுக்குப் போகணும், கேக், குக்கீ வித்து நிதி சேக்கற பேக் சேல் முடிஞ்சதும் அங்கயே ரெண்டு பேரா எண்ணி ஒரு சீட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் போன ஒரு ஸ்கூல்ல டி-ஷர்ட் வித்த பணம் 1,400 டாலர் ஒரு அட்வைசரோட மேஜை டிராயர்ல மூணு மாசம் ரப்பர் பேண்ட் போட்டு இருந்துது. ஒரு டாலர் குறையல, ஆனா அவர் எடுக்கலன்னு நிரூபிக்க அவர்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல, நான் எண்ணி முடிக்கற வரைக்கும் அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க. இதெல்லாம் கேட்டதும் டீம்காரங்க "அட, எங்கள நம்பலியா"ன்னு சிரிச்சா உங்க வீட்டுக்காரர் இந்த வருஷம் ஸ்நாக்ஸ் பொறுப்ப எடுத்துக்கட்டும்.